ஏரிக்கரை மீது மிதிவண்டியில்

கோடை விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்று தயங்குகிறீர்களா, வாசக அன்பர்களே? பொழுது புலர்ந்ததும் மிதிவண்டிகளில் பிள்ளைப்பாக்கம் ஏரிக்குப் புறப்படுங்கள். சிப்காட் சாலையில் லாரிகள் விரையும். அங்கே மட்டும் இறங்கித் தள்ளிச் செல்வதே நலம்.

கரை ஏறியதும் மதகையும் கலங்கலையும் காட்டுங்கள். மழைக்காலத்தில் இங்கு வழியும் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரியைச் சேர்ந்து, சென்னை மாநகருக்குக் குடிநீராகிறது. 2015 டிசம்பரில் அந்த ஏரி நிரம்பித் திறக்கப்பட்டபோது அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பட்ட துயரை நாம் மறந்துவிடவில்லை. நீர் செல்லும் தடத்தைக் கோடையில்தான் தெளிவாகக் காணலாம். வறண்ட கால்வாய் எங்கே குறுகுகிறது, எங்கே தூர்ந்து கிடக்கிறது என்று பிள்ளைகளே எண்ணிச் சொல்லட்டும்.

சீமைக்கருவேல முள் என் சக்கரத்தை இருமுறை பதம் பார்த்துவிட்டது. காற்றடிக்கும் பம்பையும் பஞ்சர் ஒட்டும் பசையையும் மறவாதீர்கள்!