மூழ்கிய ஊரில் ஒரு படகு

சென்ற 2025ஆம் வருஷம் முழுவதும் எங்கள் அம்பத்தூர் வீட்டில் ஒரு தவம் நடந்தது. தவம் செய்தவன் என் குமாரன். பதினோராம் வகுப்பு மாணவன். அவன் வரம் கேட்டது ஒரு விளையாட்டை. விளையாட்டென்றால் சடுகுடுவோ கிரிக்கெட்டோ என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். கம்ப்யூட்டர் திரையில் ஆடும் வீடியோ கேம். 'மூழ்கும் நகரம்' என்பது அதன் ஆங்கிலப் பெயரின் பொருள்; அவன் காத்திருந்தது இரண்டாம் பாகத்துக்கு. 2024 மார்ச்சில் அதை அறிவித்தவர்கள், 2025இல் வெளியிடுவதாகச் சொல்லி, பிறகு 2026இன் முற்பாதிக்கு ஒத்தி வைத்தார்கள். அந்தச் செய்தி வந்த தினம் எங்கள் வீடு முகூர்த்தம் தள்ளிப் போன கல்யாண வீடு மாதிரி இருந்தது.

"அப்படி என்னடா இருக்கிறது அதில்?" என்று கேட்டேன்.

"கதைக்கு மூலம் லவ்கிராஃப்ட், அப்பா. நீங்கள் இங்கிலீஷ் வாத்தியாராயிற்றே, படித்ததில்லையா?"

படித்ததில்லை. எம்.ஏ. வரையில் ஆங்கில இலக்கியம் பயின்றும் அந்தப் பெயரை எந்தப் பாடத்திலும் கண்ட நினைவில்லை. ஆகவே, வெட்கத்துடன் தேடிப் பிடித்துப் படித்தேன்.

ஹெச். பி. லவ்கிராஃப்ட் அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரில் 1890இல் பிறந்து, 1937இல் அதே ஊரில் வறுமையில் மாண்டவர். 'வியர்ட் டேல்ஸ்' என்ற மலிவுப் பத்திரிகையில்தான் அவர் கதைகள் பல வந்தன. அவற்றுள் பேர் போனது 'கதுலூவின் அழைப்பு'. 1928 பிப்ரவரியில் வெளியாயிற்று. பசிபிக் சமுத்திரத்தின் அடியில் மூழ்கிக் கிடக்கிறது ஒரு நகரம். அதில் சாகாமற் செத்துக் கிடந்து கனவு காண்கிறது ஒரு மகா பூதம். அந்தக் கனவு உலகெங்கும் மனிதர் புத்தியைக் குலைக்கிறது.

நம் ஊர்ப் பேய்க்கும் இதற்கும் வெகு வித்தியாசம். நம் பேய்க்கு நம் பேரில் ஏதாவது ஒரு குறை இருக்கும். வேப்பிலை அடித்தாலோ, கேட்டதைப் படைத்தாலோ போய்விடும், பேரம் பேசலாம். இந்தப் பூதத்துக்கு நம்மிடம் கோபமும் இல்லை, கருணையும் இல்லை. எறும்புப் புற்றை மிதித்துப் போகும் யானைக்கு எறும்பின் பேரில் என்ன விரோதம்? இதுவே அவர் கண்ட பயங்கரம். இரவு பதினொரு மணிக்குத் தனியே படிக்கத் தக்கதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆயினும், கதையின் ஓரிடத்தில் எனக்குப் பயம் போய்ச் சிரிப்பு வந்தது. சிரிப்பின் பின்னே கோபமும் வந்தது. 1925 மார்ச்சில் பூதம் விழிக்கும் சமயம், உலகமெங்கும் நேர்ந்த குழப்பங்களைப் பத்திரிகைகளிலிருந்து ஒருவர் திரட்டி வைக்கிறார். அந்த ஜாபிதாவில் நமது தேசமும் இருக்கிறது! மார்ச் மாதக் கடைசியில் இந்தியச் சுதேசிகளிடையே பலத்த கொந்தளிப்பாம். அந்த மார்ச்சில் இங்கே நடந்தது என்ன? வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் எல்லோரும் நடக்கலாம் என்ற உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் ஒரு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. அதற்காக ஈ. வெ. ராமசாமி முந்தின வருஷமே சிறை புகுந்திருந்தார். காந்தியடிகள் வைக்கம் சென்றது அந்த மார்ச்சில்தான். தெருவில் நடக்க வேண்டும் என்று தோன்றுவதற்குச் சமுத்திரத்தடிப் பூதமா கனவு அனுப்ப வேண்டும்?

வெள்ளையரல்லாதாரிடம் இந்த ஆசிரியருக்கு இருந்த துவேஷம் அவருடைய கடிதங்களிலும் காணப்படுகிறது. 2019இல் வந்த முதற் பாகத்தைச் செய்தவர்கள் இதை அறிந்தே, அக்காலத்து இன வெறுப்புகள் இதில் காட்டப்படுகின்றன என்று ஆரம்பத்திலேயே எச்சரிக்கை போட்டார்கள். அவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உக்ரைன் நாட்டுக் கீவ் நகரில் வேலை செய்யும் 'ஃப்ராக்வேர்ஸ்' என்ற கூட்டத்தார் அவர்கள். ஷெர்லக் ஹோம்ஸ் விளையாட்டுகளால் பெயர் பெற்றவர்கள். 2022இல் யுத்தம் மூண்ட பிறகும் வேலையை நிறுத்தவில்லை. ஒத்திவைப்புக்கு அவர்கள் சொன்ன காரணத்தில் யுத்தமும் உண்டு. குண்டு விழும் ஊரில் உட்கார்ந்து பிறர் பயப்படுவதற்காகப் பூதம் செய்கிறார்களே, அவர்கள் தைரியத்தை என்னென்பது!

இந்தக் கதைகளை வைத்து 1981இலேயே மேஜை மேல் ஆடும் ஆட்டம் ஒன்று வந்ததாம். அதில் ரகசியத்தை அறிய அறிய ஆடுபவனுடைய புத்திக் கணக்கு குறைந்துகொண்டே போகும். உபாத்தியாயர் பிழைப்புக்கே உலை வைக்கும் விதி! இதை நான் ஆட்சேபித்தபோது, "பரீட்சை சமயத்தில் எனக்கும் அப்படித்தான் ஆகிறது, அப்பா" என்றான் பையன்.

இன்னொரு விஷயம். கதுலூ கதையில் வரும் பழைய குறிப்புகளுள் லெமூரியாவைப் பற்றிய புத்தகமொன்றும் பேசப்படுகிறது. நமக்குப் பழக்கமான பெயர்! கடல்கொண்ட நாடு அவருக்குத் திகில். நமக்கோ அது துக்கம். அங்கே அரசர்களும் புலவர்களும் இருந்தார்கள் என்று ஏங்குகிறோமே தவிர, பூதம் இருந்ததாக ஒரு நாளும் எண்ணியதில்லை. நம் பிள்ளைகளில் ஒருவன் அந்த ஏக்கத்தை விளையாட்டாகச் செய்தால், நானும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆட உட்காருவேன்.

கார்த்திகை மாதத்து மழை இரவொன்றில் என் மனைவி வாயைத் திறந்தாள். "நாம் தண்ணீரில் பட்டது போதாதா? காசு கொடுத்து வேறு மூழ்க வேண்டுமா?"

அவள் சொன்னதில் நியாயம் உண்டு. எங்கள் தெரு ஏரியை அடுத்த பள்ளம். 2015 டிசம்பரில் மொட்டை மாடியில் ஓர் இரவும் ஒரு பகலும் இருந்தோம். பையனுக்கு அப்போது ஆறு வயது. கடற்கரை மீனவர்கள் தங்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்களைக் கரை சேர்த்தார்கள். முதல் நடையில் இவர்கள் இருவருக்குத்தான் இடம் கிடைத்தது. அடுத்த நடை வர மூன்று மணி நேரமாயிற்று. அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை. 2023 டிசம்பர்ப் புயலிலும் தண்ணீர் கூடத்துக்குள் வந்தது.

பையன் சிறிது நேரம் பேசாமலிருந்தான். பிறகு, "இதில் படகு என் கையில் இருக்கும், அம்மா" என்றான்.

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "எத்தனை பேர் ஏறலாம்?"

"முதற் பாகத்தில் ஓர் ஆள்தான். இதில் எப்படியென்று வந்தால்தான் தெரியும்."