கண்ணுக்குள் ஒரு ஓட்டை

காட்டுப்பள்ளிக் கடலில் விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு பெரியவர் என்னைத் திட்டினார். 'சார்' போட்டுத்தான் திட்டினார். ஆனாலும் திட்டு திட்டுதான்.

நண்பனின் மாமா அவர். சொந்தமாக பைபர் படகு. வலை போடுவதைப் பார்க்கவேண்டும் என்று ஒரு மாசமாக நான் நச்சரித்ததில், நிலா இல்லாத ஒரு ராத்திரி ஏற்றிக்கொண்டார். கரையைவிட்டு அரைமணி நேரம் போயிருப்போம். கழற்றிவைத்த மூக்குக்கண்ணாடியைத் தேட செல்போன் டார்ச்சைப் போட்டேன். வெளிச்சம் நேராக அவர் முகத்தில்.

"அய்ய... லைட்ட நிறுத்து சார்!"

நிறுத்தினேன். கடலைக் காணோம், வானத்தைக் காணோம். எல்லாம் தார் பூசினமாதிரி. அந்த நேரம் பார்த்து, முன்னால் உட்கார்ந்திருந்த பையன், "மாமா, சோத்தாங்கை பக்கம் படகு!" என்று அலறினான். மாமா திருப்பினார். விளக்கில்லாத படகு ஒன்று பத்தடியில் உரசாத குறையாகப் போயிற்று. அதிலிருந்தவர்கள் எங்கள் பரம்பரையையே விசாரித்தார்கள். பையன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் என் டார்ச் அவன் கண்ணில் படவில்லை. அதனால்தான் இந்த வாரம் நீங்கள் இதைப் படிக்கிறீர்கள்.

விஷயம் இதுதான். கண்ணின் நடுவே கறுப்பாகத் தெரிகிறதே, அது ஒரு பொருளே இல்லை. வெறும் ஓட்டை. கிட்டே போய்ப் பார்த்தால் நம் உருவமே அதில் பொம்மை சைசில் தெரியும். அதனால் நம் ஆட்கள் பாவை, பாப்பா என்றார்கள். லத்தீன்காரர்களும் 'குட்டிப் பொம்மை' என்றே பேர் வைத்தார்கள். எதிரிலிருப்பவர் கண்ணை உற்றுப் பார்க்கிற வழக்கம் இரண்டு ஊரிலும் இருந்திருக்கிறது!

ஓட்டையைச் சுற்றி சுருக்குப்பை நாடா மாதிரி ஒரு தசை. குடைக்கம்பி மாதிரி விரிந்த இன்னொரு தசை. வெயிலில் நாடா இறுகி ஓட்டை 2 மில்லிமீட்டராகும். இருட்டில் கம்பி இழுத்து, வாலிப வயசில் 7, 8 மில்லிமீட்டர்வரை திறக்கும். பரப்பளவில் சுமார் 16 மடங்கு. பயம், காதல், கணக்குப் பரீட்சை எல்லாவற்றுக்கும் விரியும். பிடித்த படத்தைப் பார்த்தால் விரிகிறது என்று 1960-ல் எக்கார்ட் ஹெஸ் என்கிற அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர் எழுதினார். பெண் பார்க்கப் போகிறவர்கள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்வது உத்தமம்.

ஆனால் நட்சத்திர வெளிச்சத்துக்கும் மத்தியான வெயிலுக்கும் வித்தியாசம் கோடி மடங்குக்கு மேல். பதினாறு எந்த மூலைக்கு? மிச்ச வேலை உள்ளே விழித்திரையில் நடக்கிறது. அங்கே வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகிற ரொடாப்சின் என்கிற சாயம் இருக்கிறது. பலமான வெளிச்சம் பட்டால் அது சிதையும். ஓட்டை ஓரிரு நிமிஷத்தில் பெரும்பாலும் திறந்துவிடும். சாயம் முழுசாகத் தேற அரைமணிகூட ஆகலாம்.

திரும்பி வரும்போது இன்னும் விடியவில்லை. காட்டுப்பள்ளியில் 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, அடுத்த சில வருஷங்களில் துறைமுகமும் வந்தது. கரையில் இப்போது ஒரே விளக்கு. பெரியவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் ஒரு கண்ணில் டார்ச் அடித்தால் இரண்டு ஓட்டையும் சேர்ந்து சுருங்குமே, ஒன்றை மூடி என்ன பிரயோஜனம் என்று முதலில் எனக்குப் பட்டது. அப்புறம் புரிந்தது. மூடின கண்ணின் ஓட்டை சுருங்கினாலும் சாயம் பத்திரம். விளக்கைத் தாண்டினதும் அந்தக் கண்ணைத் திறந்தால் இருட்டு தெரியும். அவர் ரொடாப்சினைப் பற்றிப் படித்ததில்லை. படித்த நான்தான் டார்ச் அடித்தேன்.

கரையில் டீ குடிக்கும்போது, "பையனைப் பள்ளிக்கூடம் அனுப்பலியா?" என்றேன்.

"ப்ளஸ் டூ முடிச்சிட்டான் சார். எனக்கு அறுபத்திரண்டாவுது. ராத்திரில முன்ன மாதிரி தெரியல. அதான் இவன இட்டாந்தேன்."

வயசானால் அந்த ஓட்டை இருட்டிலும் முழுசாகத் திறக்காது. எட்டு மில்லிமீட்டர் ஐந்தாகக் குறையும். இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன்.

"அவனுக்குக் கம்பெனி வேல பாத்து வெச்சிருக்காங்க. அடுத்த மாசம் சேர்றான்" என்றார். டீக்குக் காசும் அவரே கொடுத்துவிட்டார்.