இடியன் துவக்கும் எல்க் வேட்டையும்

எல்க் என்னும் பெயர் இலங்கைக்குப் புதிதன்று. நுவரெலியாவிலே குடியேறி வாழ்ந்த ஆங்கிலேயராகிய சாமுவேல் பேக்கர், 1854ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது வேட்டை நூலில் எல்க்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றார். ஆனால் அவர் எல்க் என்றது நமது மலைக்காட்டு மரையையே. மரை இன்று சட்டத்தினாற் காக்கப்படும் விலங்கு. அதனை வேட்டையாடும் பேச்சுக்கே இடமில்லை. நாம் இங்கு எழுதப் புகுந்தது வட அமெரிக்காவின் றொக்கி மலைகளிலே திரியும் எல்க்கைப் பற்றியாகும். வப்பிட்டி என்ற பழங்குடிப் பெயரும் அதற்குண்டு. மானினத்தைச் சேர்ந்ததாயினும் வளர்ந்த கலை 300 கிலோவுக்கு மேல் நிறுக்கும்.

கொலறாடோ மாநிலத்திலே ஒவ்வொரு செப்டெம்பர் மாதத்திலும் சில நாட்கள், வாய் வழியாக மருந்திட்டு இடிக்கும் துவக்குகளுக்கென்றே ஒதுக்கப்படுகின்றன. நமது வன்னி மக்கள் இடியன் என்று சொல்லும் துவக்கின் இனம் அது. எல்க்குக்குக் குழலின் விட்டம் அரை அங்குலத்துக்குக் குறையலாகாது. தொலைநோக்கிக் கண்ணாடி பூட்டலாகாது. வில்லையாக அழுத்திய மருந்தும் பிளாஸ்டிக் உறையிட்ட குண்டும் விலக்கப்பட்டவை. பொடி மருந்தை அளந்து கொட்டி, குண்டை மேலே வைத்து, கோலால் இறக்கி, கேப்பு மாட்டிச் சுட வேண்டியதுதான். மறுபடி நிரப்பக் கைதேர்ந்தவர்க்கும் நேரஞ் செல்லும். அதற்குள் எல்க் மலைச்சரிவைத் தாண்டிவிடும்.

ஆகவே வேட்டைக்காரனுக்கு உள்ளது ஒரே வெடி. அது நெஞ்சறையிற் பட்டால் விலங்கு விரைவில் வீழும். வயிற்றிலோ தொடையிலோ பட்டால், அது இருண்ட பைன் காட்டினுள் ஓடி, நாட்கணக்காகத் துன்புற்று, எவர் கண்ணுக்கும் படாமல் மடியும். இறைச்சியும் ஒருவருக்கும் உதவாது. எவ்வளவு மருந்து, எந்தக் குண்டு என்ற கேள்விக்கு வேட்டை தொடங்குமுன்னரே விடை காணவேண்டியது இதனாலேயே.

புதியவர் பலர் மருந்தைக் கூட்டினாற் குறியுங் கூடும் என்றெண்ணுகின்றனர். அப்படியன்று. குழலின் உட்புறத்திலே திருகாணி போலச் சுழன்று செல்லும் புரிகள் உண்டு. குண்டைச் சுழற்றி நேராகச் செலுத்துவன அவையே. உருண்டைக் குண்டுக்கு மெல்லிய சுழற்சி போதும். 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது அதற்கேற்ற பழைய புரி. நீண்ட கூம்புக் குண்டுக்கோ 28 அங்குலத்துக்கு ஒரு சுற்றுப் போன்ற இறுக்கமான புரி வேண்டும். நீளங் கூடக் கூடச் சுழற்சியுங் கூடவேண்டும் என்பதைக் கணக்கிற் காட்டியவர் கிறீன்ஹில் என்ற ஆங்கிலக் கணித அறிஞர், ஆண்டு 1879. உருண்டைக்கு வெட்டிய குழலிற் கூம்பை இட்டுவிட்டு மருந்தின்மேற் பழி சொல்வதிற் பயனில்லை. அரை அங்குலக் குழலின் உருண்டைக் குண்டு ஏறத்தாழ 177 கிறெயின் மட்டுமே நிறுக்கும். 100 யார் செல்வதற்குள் தன் வேகத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இழந்துவிடும். எல்க் போன்ற பெருவிலங்குக்கு 350 முதல் 400 கிறெயின் வரையுள்ள கூம்புக் குண்டே ஏற்றது என்பது நம் கருத்து.

கிறெயின் என்பது தானியமணியின் பெயரால் வந்த நிறை. நம் பொற்கொல்லர் குன்றிமணியால் நிறுத்ததை ஒத்தது. ஓர் இறாத்தலுக்கு 7000 கிறெயின். எனவே 100 கிறெயின் மருந்து ஆறரைக் கிராம் அளவே. ஆயினும் இம்மருந்தைத் தராசில் நிறுப்பதில்லை. சிறு குழாயால் முகந்து அளப்பதே வழக்கம். கருமருந்துக்குப் பதிலாக இக்காலம் விற்கும் மாற்று மருந்துகள் சில அதனினும் இலேசானவை. அவற்றை நிறுத்து இட்டால் மருந்து மிகுந்துவிடும்.

இனிப் பரீட்சை. மணல் மூட்டையிலே துவக்கைச் சாய்த்து, 50 யார் தூரத்தில் இலக்கை வைத்து, 70 கிறெயினில் தொடங்கலாம். ஒவ்வோர் அளவிலும் ஐந்து வெடி. பின்னர் ஐந்து கிறெயின் கூட்டுக. துவக்குச் செய்தவர் குறித்த உச்ச அளவைத் தாண்டலாகாது. துளைகள் முதலில் நெருங்கி வரும். ஓரளவில் மிக நெருங்கும். அதற்கு மேல் மறுபடி சிதறத் தொடங்கும். மிக நெருங்கிய அளவே அத்துவக்கின் அளவு. ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்த இரு துவக்குகள் வெவ்வேறு அளவை விரும்புவதுண்டு. ஆதலால் அயலவனின் அளவை இரவல் வாங்குவது வீண். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. மருந்தையும் குண்டையும் மசகையும் ஒருங்கே மாற்றினால், எது பலன் தந்ததென்று எவர் சொல்வார்? (மசகு அற்பப் பொருளன்று. 1857இன் சிப்பாய்க் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமாய் நின்றது, இத்தகைய துவக்கின் தோட்டாவிற் பூசிய கொழுப்பைப் பற்றிய ஐயமே என்பதை மாணவர் அறிவர்.)

கருமருந்து எரிந்தபின் அதன் நிறையிற் பாதிக்கு மேல் கரியும் உப்புமாகத் தங்கிவிடும். ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் ஈரத்துணியாலும் உலர்துணியாலும் குழலைத் துடையாவிடின், ஐந்தாவது குண்டு முதற் குண்டு சென்ற வழியிற் செல்லாது. துடைத்தலில் வேறொரு நன்மையுமுண்டு: உள்ளே கனலும் பொறி அணைந்துவிடும். மருந்துக் குடுவையிலிருந்து நேரே குழலுக்குள் ஊற்றுவோர் இப்பொறியை மறந்தவர்கள். அளவுக் குழாயில் முகந்தே ஊற்றவேண்டும். குண்டு மருந்தின்மேல் இடைவெளியின்றி இருத்தல் வேண்டும். இடைவெளி நின்றாற் குழல் வீங்கவோ பிளக்கவோ கூடும். குண்டு சரியாக இறங்கியபோது கோலிலே ஒரு கோடு கீறி வைத்தால் ஐயமிராது. புகையில்லா மருந்தை, அதற்கெனச் செய்யப்படாத துவக்கில் ஒரு சிட்டிகையும் இடலாகாது.

அளவு கிடைத்தபின்னும் வேலை முடிவதில்லை. காட்டிலே சுடும் வெடி குளிர்ந்த, துடைத்த குழலிலிருந்து புறப்படும் முதல் வெடி. பரீட்சையின் ஐந்தாம் வெடியன்று. குழலில் எண்ணெய் படிந்திருப்பின் அது வேறெங்கோ போகும். எனவே எண்ணெயை முற்றத் துடைத்து, கேப்பை மட்டும் இரண்டொரு முறை வெடித்து வழியை உலர்த்தி, நாளுக்கு ஒரு வெடியாக ஐந்தாறு காலையிற் சுட்டு, அத்துளைகளை ஒரே தாளிற் பார்க்கவேண்டும். அவை யாவும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துள் அடங்கும் தூரம் எதுவோ, அதுவே அவ்வேட்டைக்காரனின் எல்லை. சிலர்க்கு அது 100 யார். வெறுங்கண்ணாற் குறிபார்க்கும் பலர்க்கு 70 யார். எல்க் அதற்கப்பால் நின்றால், துவக்கைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு நெருங்கும் வழியைத் தேடவேண்டியதுதான்.