கோடை ஒழுக்கம் நிறுவனங்களுக்கும் உண்டு

வேனில் தொடங்கியவுடன் உடலைக் குளிர்விக்கும் வழிகளைப் பற்றிய அறிவுரைகள் பெருகிவிடுகின்றன. இளநீர், நீர்மோர், நன்னாரி, வெட்டிவேர், சந்தனம் என அப்பட்டியல் நீளும். அவற்றுள் பல நல்லவையே. எனினும் ஆயுர்வேதம் கூறும் கோடை ஒழுக்கம், கடையில் வாங்கும் பொருள்களோடு முடிந்துவிடுவதன்று. அது முதன்மையாக, ஒரு நாளை எவ்வாறு வகுத்துக்கொள்வது என்பதைப் பற்றியது.

சரக சம்ஹிதையும், வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயமும் பருவந்தோறும் கடைப்பிடிக்க வேண்டிய நடைமுறையை 'ருதுசரியை' என்னும் பெயரால் விளக்குகின்றன. கதிரவன் வடக்கு நோக்கிச் செல்லும் மூன்று பருவங்களும் சேர்ந்தது ஆதான காலம். ஆதானம் என்பதற்கு எடுத்துக்கொள்ளுதல் என்று பொருள். அக்காலத்தில் வெயிலும் காற்றும் நம் உடலின் ஈரத்தையும் வலிமையையும் சிறிது சிறிதாக எடுத்துக்கொள்கின்றன. பேரேட்டோடு பழகிய எங்களுக்கு இக்கருத்து எளிதில் விளங்குகிறது. பற்று மிகுந்து வரவு குறையும் பருவம் அது. அதன் இறுதியில் வரும் கிரீஷ்மம், நம் முன்னோர் முதுவேனில் என்றழைத்த ஆனி, ஆடி மாதங்களை உள்ளடக்கியது. அப்போது இருப்பு மிகவும் குறைந்திருக்கும்.

இருப்பு குறைந்தவர் செலவைச் சுருக்குவதே முறை. அந்நூல்கள் சொல்வதும் அதுவே. கடும் உடற்பயிற்சியையும் வெயிலையும் தவிர்க்க வேண்டும். உப்பு, புளிப்பு, காரம் ஆகிய சுவைகளைக் குறைத்து, இனிப்பும் நீர்ப்பதமும் உடைய எளிய உணவை உண்ண வேண்டும். மதுவை விலக்குவது நலம். பிற பருவங்களில் பொதுவாக ஏற்கப்படாத பகலுறக்கம், இரவு குறுகிய இப்பருவத்தில் மட்டும் அனுமதிக்கப்படுகிறது. ஒரு பருவத்தின் கடைசி ஏழு நாள்களும் அடுத்த பருவத்தின் முதல் ஏழு நாள்களும் பருவச் சந்தி எனப்படும். அந்நாள்களில் பழைய பழக்கத்தைப் படிப்படியாக விட்டுப் புதியதைப் படிப்படியாக ஏற்க வேண்டும் என்கிறார் வாக்படர். வெயிலில் புதிதாக வேலை தொடங்குவோர் முதல் ஓரிரு வாரங்கள் பணியைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும் என்று இன்றைய மருத்துவம் கூறுவதும் இதனோடு ஒத்திருக்கிறது.

இவ்வொழுக்கம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதைப் பீகார் மாநிலம் கயா மாவட்டத்தில் பணியாற்றிய ஆண்டுகளில் கண்டோம். வறுத்த தானிய மாவைக் குளிர்ந்த நீரில் சர்க்கரையோடு கரைத்த 'மந்தம்' என்னும் பானத்தைச் சரகர் கோடைக்கு உரியதாகச் சொல்கிறார். அதன் வழித்தோன்றல் போன்ற சத்தூ, எங்கள் கிளையின் எதிரில் தள்ளுவண்டியில் விற்கப்பட்டது. இன்று பெரும்பாலும் வறுத்த கடலை மாவில் செய்யப்படும் அதை, காலையில் ஒரு குவளை அருந்தாமல் அங்கு உழவரும் கூலியாளரும் வேலைக்குச் செல்வது அரிது.

ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் நண்பகல். கூடம் சிறியதாகையால் ஓய்வூதியம் பெற வந்தோரின் வரிசை வாயிலைத் தாண்டி வெயிலுக்கு நீண்டிருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தலைசுற்றித் தரையில் அமர்ந்துவிட்டார். அவரை உள்ளே அழைத்து, விசிறி, ஈரத்துணியால் துடைத்து, சிறிது சிறிதாக நீர் பருகச் செய்தோம். தெளிந்தபின், "வெயிலில் இப்படி வெறும் வயிற்றோடு வரலாமா, மாஸ்டர்ஜி?" என்று கேட்டோம். "சத்தூ குடித்துவிட்டு, தலையில் துண்டும் கட்டிக்கொண்டுதான் வந்தேன். வரிசைதான் நீண்டுவிட்டது" என்றார்.

எங்களிடம் மறுமொழி இல்லை. தம் பங்கிற்குரிய ஒழுக்கத்தை அவர் பிழையின்றிக் கடைப்பிடித்திருந்தார். நண்பகலில் வெளியே நிற்காதே என்னும் விதியை மீறச் செய்தது எங்கள் வரிசை. மறுநாள் முதல் வாயிலில் பந்தலும் இரண்டு மண்பானைகளும் வைத்தோம். முதியோருக்கு முற்பகல் 10 மணி முதல் 11.30 மணி வரை தனிச் சாளரம் ஒதுக்கினோம். செலவு மிகச் சிறியது. முன்னரே செய்யாமைக்கு எங்களிடம் காரணம் ஏதும் இல்லை.

இதிலிருந்து நாங்கள் கொண்ட கருத்து இது: கோடை ஒழுக்கத்தைத் தனிமனிதரின் கடமையாக மட்டும் விட்டுவிடுதல் முறையன்று. தம் நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ள இயலாதவர்க்கு, அந்நேரத்தை வகுப்போரே அதனைக் கடைப்பிடித்தாக வேண்டும். 2010ஆம் ஆண்டின் கொடிய வெப்ப அலைக்குப் பின், 2013இல் அகமதாபாத் மாநகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. முன்னெச்சரிக்கை, குடிநீர், மருத்துவமனைகளின் ஆயத்தம் என அது கூறுவன யாவும் ஒரு நகரம் தனக்கு விதித்துக்கொண்ட ருதுசரியை எனலாம்.

வங்கியின் வேலைநேரத்தை ஒவ்வொரு கிளையும் தன் விருப்பப்படி மாற்ற இயலாது என்பது உண்மையே. ஆயினும் நிழலும் நீரும் இருக்கையும் தருவதற்கு எவ்விதியும் தடையன்று. 70 வயதைக் கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இல்லத்திலேயே அடிப்படைச் சேவைகளை வழங்க முயலுமாறு ரிசர்வ் வங்கி 2017ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. உங்கள் இல்லத்தில் முதியோர் இருப்பின், கிளையில் இதனைத் தயங்காது கேளுங்கள். அவசரமில்லாத பணிகளைக் காலை நேரத்திற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. நீரிழிவு உடையோர் இனிப்புப் பானங்களையும், இதய, சிறுநீரக நோயுடையோர் பருகும் நீரின் அளவையும் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். உடல் கொதித்து, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. அந்நிலையில் கைமருந்துக்கு இடமில்லை. உடனே 108ஐ அழைத்து, ஊர்தி வரும்வரை உடலை நீரால் நனைத்து விசிற வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் புகட்டலாகாது.

இவ்வாண்டு கோடையில் எங்கள் கிளை எதற்கேனும் நீங்கள் வரும்போது வாயிலில் நிழலும் பானை நீரும் உள்ளனவா என்று பாருங்கள். இல்லையெனில் மேலாளரிடம் சொல்லுங்கள். அது குறை கூறுவதாகாது. எங்கள் ஒழுக்கத்தை எங்களுக்கு நினைவூட்டுவதாகும்.