பச்சையெல்லாம் காடல்ல

காடு எங்கே அறுபட்டது, எங்கே மீண்டும் இணைந்தது என்பதைச் செய்மதிப் படங்கள் காட்டுகின்றன. சிங்கப்பூரில் 1980களில் போடப்பட்ட நெடுஞ்சாலை புக்கிட் தீமா காட்டைத் துண்டாடியது. 2013இல் அதன் மேலாக மரம் நட்ட பாலம் கட்டி, விலங்குகளுக்கு வழி விட்டார்கள். நல்ல பணி. நாமும் காட்டுக்கு எதிரிகள் அல்லர்.

ஆனால் நாம் இடம்பெயர்ந்தபின் பற்றை மூடிய வயலும் மேலிருந்து பார்த்தால் பச்சைதான். லான்ட்சாற் படத்தில் ஒரு புள்ளி 30 மீற்றர் சதுரம்; வரம்பும் கிணறும் அதில் அகப்படா.

எனினும் 1972 முதலான அப்படங்கள் சேமிப்பில் உள்ளன. 2008 முதல் இலவசம். பழைய படத்தில் எமது வயல்வெளி வயல்வெளியாகவே இருக்கும். காணியைக் காடென்று வரைய முன்னர் அதையும் பார்க்கட்டும், உழுதவரையும் கேட்கட்டும். நாமும் உறுதி, அனுமதிப்பத்திரம், குளத்தின் பெயர், காணி எல்லை என்பவற்றை எழுதி வைப்போம்.