சென்டம் பையனுக்கு எதற்கு அரியர்?

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த வாரத்தில், இன்ஜினீயரிங் முதலாண்டு படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டுப் பக்கம் தயவுசெய்து போய்விடாதீர்கள். ப்ளஸ் டூ கணக்கில் சென்டம் அடித்தான் என்று தெரு முழுக்க லட்டு கொடுத்த அதே வீட்டில், இப்போது இழவு விழுந்த மாதிரி இருக்கும். முதல் கணக்குப் பேப்பரான ‘எம்-ஒன்’னில் பையன் ‘யு’ வாங்கியிருப்பான். இது சினிமாவுக்குக் கொடுக்கிற யு இல்லை. ஐம்பதைத் தொடவில்லை, மறுபடி எழுது என்று அர்த்தம்.

வீட்டில் உடனே தீர்ப்பு: ‘எல்லாம் இந்த செல்போனால வந்தது!’ கல்லூரியில் கேட்டால், ‘இப்ப வர்ற பசங்களுக்கு பேஸே இல்லை சார்’ என்பார்கள். ரெண்டு தீர்ப்பிலும் குற்றவாளி பையன்தான். ரெண்டையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வரவு செலவுக் கணக்குதான். ஆனால் அதில் ஒரு கண்டிப்பு உண்டு. போன வருடத்துக் கடைசி இருப்பு, இந்த வருடத்து ஆரம்ப இருப்பாக வந்து உட்கார வேண்டும். உட்காரவில்லையா, நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

கை வைத்தது யார்? நுண்கணிதம் நம் பிள்ளைகளுக்கு முதன்முதலில் அறிமுகமாவது ப்ளஸ் ஒன்னில். சென்டத்துக்காகவே நடந்த தனியார் பள்ளிகள் பலவற்றில் ப்ளஸ் ஒன் புத்தகத்தைப் பேருக்குப் பிரித்துவிட்டு, ரெண்டு வருடமும் ப்ளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள். ஃபீஸ் மட்டும் ரெண்டு வருடத்துக்கும் கறாராக. கட்-ஆஃப் 200-ல் கணக்குக்கு மட்டுமே 100. அந்த நூறும் ப்ளஸ் டூ மார்க்கிலிருந்து வருகிறது. அப்புறம் ப்ளஸ் ஒன்னை யார் சீண்டுவார்கள்?

இதைத் தடுக்கத்தான் 2017-18-ல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2018-லேயே, ‘உயர்கல்விக்கு ப்ளஸ் டூ மார்க் மட்டும் போதும்’ என்று அதன் பல்லைப் பிடுங்கினார்கள். 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கையோடு தேர்வே போயிற்று. பிள்ளைகளின் பாரம் குறையட்டும், சந்தோஷம். பூட்டைக் கழற்றியாயிற்று. காவலுக்கு யார்? அதைச் சொல்லுங்கள்.

சரி, பள்ளிக்கூடம்தான் அப்படி. ‘பேஸ் இல்லை’ என்று உச்சுக்கொட்டுகிற பல்கலைக்கழகமாவது புரிந்துகொண்டு எழுதச் சொல்கிறதா? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையைப் பாருங்கள். ரெண்டு மார்க் கேள்வி பத்து, 13 மார்க் ஐந்து, 15 மார்க் ஒன்று. இன்டர்னல் 40-ல் ஒரு 23 வைத்துக்கொண்டு, பரீட்சையில் நூற்றுக்கு 45 வாங்கினால் கரை சேரலாம். ஐந்து யூனிட்டில் முதலாவது மேட்ரிக்ஸ். கேலி-ஹாமில்டன் தேற்றம் அங்கேதான் இருக்கிறது. கேலி, ஹாமில்டன் என்பது ரெண்டு மனிதர்களா, ஒரு கம்பெனியா என்றுகூடத் தெரியாமல் அந்தக் கணக்கைப் போட்டு மார்க் வாங்கலாம். வாங்குகிறார்கள்.

பாஸான பையனைக் கூப்பிட்டு, எக்ஸ் ஸ்கொயரை டிஃபரென்ஷியேட் பண்ணினால் என்ன வரும் என்று கேளுங்கள். தூக்கத்தில்கூட ‘2எக்ஸ்’ என்பான். அந்த 2எக்ஸ் என்றால் என்னப்பா என்று கேளுங்கள். கப்சிப்.

உங்களிடம் நூறடிக்கு நூறடி மனை இருக்கிறது. பத்தாயிரம் சதுர அடி. நாலு பக்கமும் 101 அடி ஆகும்படி பெரிசாக்குகிறீர்கள். எவ்வளவு கூடும்? ஒரு பக்கம் நூறடி நீளத்துக்கு ஒரு பட்டை, அடுத்த பக்கம் அதே மாதிரி இன்னொரு பட்டை. ரெண்டு நூறு, இருநூறு. அதுதான் 2எக்ஸ்! மூலையில் ஒரு சதுர அடி துண்டு மிஞ்சும். கூட்டுகிற அளவை ஓர் அடியிலிருந்து ஓர் அங்குலம், ஒரு நூல் என்று குறைத்துக்கொண்டே போனால், பட்டைகளுக்குப் பக்கத்தில் அந்தத் துண்டு ஒன்றுமேயில்லாமல் போகும். ‘லிமிட்’ என்று போர்டில் எழுதுகிறார்களே, சமாசாரம் இவ்வளவுதான். மனை புரோக்கருக்கு ரெண்டு நிமிஷத்தில் விளங்குவது, பதினெட்டு வயசுப் பிள்ளைக்கு விளங்காதா?

கேட்டால்தானே சொல்லிக்கொடுப்பார்கள்! கேள்வித்தாளில் இதற்கு இடமில்லை. பேராசிரியர்கள் தரப்பில் ஒரு நியாயம் சொல்வார்கள்: ‘கட்டுக் கட்டாகப் பேப்பர் திருத்துகிறோம். கையில் கீ இருக்கிறது, ஸ்டெப்புக்கு ஸ்டெப் மார்க். பையன் சொந்த வாக்கியத்தில் எழுதினால் எதை வைத்துப் போடுவது?’ வாஸ்தவம். திருத்துகிறவரின் சௌகரியத்துக்காகக் கேள்வி எடுக்கப்படுகிறது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அப்புறம் பையனிடம் பேஸைத் தேடுவானேன்?

அர்த்தமில்லாத மார்க்குக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பதையும் பார்த்தோம். 2017 பரீட்சைகளின் மறுமதிப்பீட்டில் காசு கைமாறியதாக 2018-ல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் போட்டது. 2020 கொரோனாவில், ஃபீஸ் கட்டியிருந்தாலே அரியர் ரத்து என்று அரசு அறிவித்ததும் முதல்வருக்கு நன்றி சொல்லிப் போஸ்டர் அடித்தார்கள். அப்புறம் ஹைகோர்ட் அதை ஏற்கவில்லை. போஸ்டர் ஒட்டிய பையன்களைப் பார்த்துச் சிரித்தோம். பரீட்சையே ஒரு சடங்கு என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

பெரிசாக எதையும் கேட்கவில்லை. அந்தப் பத்து ரெண்டு மார்க் கேள்வியில் ரெண்டே ரெண்டை மாற்றுங்கள். ‘2எக்ஸ் என்றால் என்ன, படம் போட்டு உன் வார்த்தையில் சொல்.’ இந்த மாதிரி ரெண்டு. மொத்தம் நாலு மார்க். அதைத் திருத்த ஆகிற கூடுதல் நேரத்துக்குக் காசு வேண்டுமென்றால், அரியருக்கு வசூலிக்கிற ஃபீஸிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.