முற்றத்தின் ஆயுள்

ஆம்பூரில் வசிக்கும் நண்பர் ஒருவர் சென்ற சித்திரையில் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். பழைய வீட்டு முற்றத்தைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகத் தளம் போட உத்தேசமாம். கருங்கல், கடப்பைக் கல், சிமெண்டு, பளபளக்கும் ஓடு ஆகியவற்றுள் எது அதிக காலம் உழைக்கும் என்று கேட்டிருந்தார். “பேரன் காலம் வரைக்கும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை” என்று கடிதத்தை முடித்திருந்தார். ஆசை நியாயமானதே. ஆனால் அவர் கேட்டது பாதிக் கேள்வி. மீதிப் பாதியையும் சேர்த்துச் சொல்லவே இந்த வாரம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டோம்.

வேலூர்ச் சீமையின் வெயிலைப் பற்றி அந்தச் சீமைக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அக்கினி நக்ஷத்திரத்தின்போது நிழலிலேயே 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுகிறது. திறந்த முற்றத்தின் தரையோ அதைவிடக் கொதிக்கிறது. அந்த நிலையில் ஒரு கோடை மழை கொட்டினால், கொதித்த தரை சில நிமிஷங்களில் குளிர்ந்துவிடும். சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் தளத்துக்கு இயல்பு. 10 மீட்டர் நீளமுள்ள சிமெண்டுத் தளம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். இது என்ன பிரமாதம் என்று தோன்றலாம். நீள்வதற்கு இடம் விடாமல் சுவருக்குச் சுவர் இறுக்கிப் போட்ட தளத்தைக் கேட்டால் தெரியும். இரண்டு கோடைக்குள் அது வாய் பிளந்து பதில் சொல்லும்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கருங்கல்லுக்கு இந்தப் பக்கத்தில் சாட்சி தேட வேண்டாம். வேலூர்க் கோட்டை 16-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 1806-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சிப்பாய்களின் எழுச்சியையும் அவர்கள் சிந்திய இரத்தத்தையும் அது கண்டது. கோட்டைக்குள்ளிருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் நெடுங்காலம் மூர்த்தியின்றிக் கிடந்து, 1981-இல்தான் மீண்டும் பிரதிஷ்டை கண்டது. மூர்த்தி இல்லாத காலத்திலும் கல் தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருந்தது. கருங்கல் மிக நெருக்கமான கல். தண்ணீரை அநேகமாகக் குடிப்பதே இல்லை. அதன் நீண்ட ஆயுளின் இரகசியம் இதுவே. நடுப்பகலில் காலைச் சுடும் என்பது ஒன்றே அதன் மேல் சொல்லக்கூடிய புகார்.

கடப்பைக் கல்லும் நன்றாக உழைக்கும். ஆனால் அது சுண்ணாம்பு இனத்தைச் சேர்ந்தது. புளியும் எலுமிச்சையும் பட்டால் அரித்துக்கொள்ளும். முற்றத்தில் ஊறுகாய் போடும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பில் செங்கல் ஜல்லியைக் கெட்டித்து, மேலே தட்டோடு பதித்த பழைய தளங்கள், காலாகாலத்தில் பழுது பார்த்தால் இரண்டு தலைமுறை தாங்கும். மினுக்கும் ஓடுகள் வீட்டுக்குள்ளே அழகுதான். வெளி முற்றத்தில் மழை பெய்தால் வழுக்கும். வெயிலில் அடிப்பிடிப்பு விட்டு ‘டொக் டொக்’ என்று சப்திக்கும்.

சிமெண்டைப் பற்றி நம் ஜனங்களிடையே ஒரு தப்பபிப்பிராயம் இருக்கிறது. அது காய்ந்து இறுகுவதாக நினைக்கிறார்கள். உண்மையில் அது தண்ணீரோடு கூடி இரசாயன மாறுதல் அடைந்தே இறுகுகிறது. உச்சி வெயிலில் போட்டு, இரண்டு நாள் தண்ணீர் தெளித்துக் கைகழுவினால் அது அரைப் பட்டினியில் வளர்ந்த பிள்ளையாகவே இருக்கும். மாலையில் போட்டு, ஈரச்சாக்கு மூடி, குறைந்தது 7 நாளாவது, கூடுமானால் அதற்கு மேலும் நனைத்து, இடையிடையே சந்து விட்ட தளம் பல வருஷம் உழைக்கும்.

இவ்வளவையும் எழுதி நண்பருக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தோம். அதற்குள் ஆம்பூர்ப் பக்கம் போக நேர்ந்தது. நண்பர் நம்மைத் தம் அண்டை வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கே மூன்றே வருஷமான சிமெண்டு முற்றம், சுவரோரமெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து, அப்பளம் போல் பொரிந்து கிடந்தது. உடன் வந்த வயதான மேஸ்திரியிடம், “என்ன மேஸ்திரி, வேலையில் கோளாறா?” என்று கேட்டார் நண்பர். அவர் சற்றும் கோபித்துக்கொள்ளவில்லை. “மேலே ஒன்றும் கோளாறு இல்லீங்க, ஐயா. எல்லாம் கீழேயிருந்து வருது. அந்தக் கிணற்றுத் தண்ணியை ஒரு வாய் குடிச்சுப் பாருங்க” என்றார்.

குடித்துப் பார்த்தோம், உப்புக் கரித்தது.

விஷயம் இதுதான். தோல் அழுகாதிருக்க அதை உப்பில் பதப்படுத்துகிறார்கள். தொழிற்சாலைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த உப்பைக் கழுவுகிறார்கள். அப்படிக் கழுவிய நீர் பல்லாண்டுகளாகப் பாலாற்றுப் படுகையிலும் அக்கம்பக்கத்து நிலத்திலும் இறங்கியிருக்கிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, செங்கல்லும் காரையும் நிலத்தடி ஈரத்தை மேலே இழுக்கின்றன. வெயில் தண்ணீரைக் குடித்துவிட, உப்பு மட்டும் நுண்துளைகளில் தங்கிப் படிகமாக வளர்ந்து மேற்பரப்பைப் பெயர்த்துத் தள்ளுகிறது. கம்பி வைத்த கான்கிரீட்டானால் இன்னும் கேடு. உப்பு பட்ட கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டையே பிளந்துவிடும். கருங்கல் தப்பும், ஆனால் கல்லிடுக்குக் காரை தப்பாது.

ஆகவே நண்பருக்கு நமது யோசனை இது. கல் தேடும் முன் கிணற்று நீரைச் சோதியுங்கள். காரை குழைக்கவும் நனைக்கவும் உப்பு நீரைத் தொடாதீர்கள். மழை நீரைச் சேமித்துக்கொள்ளுங்கள். தளத்தின் அடியில் மண்ணை அகற்றிப் பருமனான ஜல்லியை ஒரு சாண் பரப்புங்கள். பெரிய இடைவெளி வழியே ஈரம் மேலே ஏறாது. அதன் மேல் மணல் விரித்துக் கருங்கல் பாவி, இடுக்குகளையும் மணலாலேயே நிரப்புங்கள். வீட்டுச் சுவரிலிருந்து தண்ணீர் விலகி ஓட வாட்டம் கொடுங்கள். மழை கல்லிடுக்கில் இறங்கினால் நிலத்தடி உப்பும் சிறிது தணியும். ஒரு கல் ஆடினால் அந்த ஒன்றை மட்டும் எடுத்துப் பதிக்கலாம். இப்படிச் செய்தால் பேரன் காலம் என்ன, அவன் பேரன் காலத்துக்கும் கவலையில்லை.

ஆனால் முற்றத்தை ஒருவர் காத்துக்கொள்ளலாம். கிணற்றைத் தனியொருவர் காக்க முடியாது. வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கத்தார் தொடுத்த வழக்கில், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அதன் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. எனினும் நீரில் கரைந்த உப்பை நீக்குவது செலவு மிகுந்த காரியம். நிலத்தில் முன்பே இறங்கிய உப்பு சட்டத்துக்குப் பயந்து வெளியேறுவதுமில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில் வாழ வேண்டும்; அந்தக் குடும்பங்கள் குடிக்கும் தண்ணீரும் வாழ வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையென்று நாம் நம்பவில்லை. முதலில் சொன்னதைத் தாமதமின்றிச் செய்கிற நாம், இரண்டாவதை மட்டும் அடுத்த தலைமுறைக்குத் தள்ளிப் போடுகிறோமே என்பதுதான் நமது வருத்தம்.

நண்பரின் முற்றம் ஆவணியில் பாவி முடிந்ததாகக் கடிதம் வந்திருக்கிறது. பேரன் அதன் மேல் தவழ்கிறானாம். அவன் எழுந்து நடந்து, ஒரு நாள் அந்தக் கிணற்றில் வாளியை விட்டு இறைக்கும்போது நல்ல தண்ணீர் வர வேண்டும். அதற்கான வேலைக்கு மேஸ்திரி ஒருவர் போதாது. ஊர் முழுவதும் கைகொடுக்க வேண்டும்.